சொல்லும் பண்ணும்
(அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழாராய்ச்சியும் இசையாராய்ச்சியும்)

தோற்றுவாய்

தில்லைத் திருக்கோயிலில் மூவர் கையிலச்சினையோடு திருக்காப்பிட்டுக் கிடந்த தேவார ஏடுகளை, செல்லரித்தன போக எஞ்சியவற்றை, நம்பியாண்டார் நம்பிகள் சோழ மன்னனைக் கொண்டு வெளிப்படுத்தருளினார் என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்த செய்தியாம். ஆயினும் இச்செய்தியைக் கூறும் திருமுறைகண்ட புராணம் அவ்வளவில் நின்றுவிடவில்லை என்பதைப் பலர் கருதுவதில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. சொற்கள் முன்னே இருந்தும், அவற்றை எவ்வாறு பாடுவது என்பதை அறியமாட்டாது அரசனும் நம்பிகளும் வருந்தினர். பின்னர், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்ணொருத்தியாரைக் கொண்டு பதிகங்களுக்குப் பண்ணடைவு வகுக்கப்பெற்றது என்று அப்புராணம் கூறுகின்றது.

இதனால் நாம் அறிந்துகொள்ளத் தக்கது யாது? திருமுறையின் ஒரு பாதி ஓலையில் இருந்தது. மற்றொரு பாதி மிடற்றில் இருந்தது. ஓலையைக் காத்தவர் வேறு. மிடற்றைக் காத்தவர் வேறு. இரண்டும் ஒருங்கு வந்து சேர்ந்த பொழுதே திருமுறை திருமுறையாயிற்று.

அத்தில்லைக்குக் கீழ்பால் 20-ஆம் நூற்றாண்டிலே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அதன்கண் தமிழ்த் துறை ஒன்றும் இசைத் துறை ஒன்றும் அமைந்தன. அவ்விரண்டும் செய்த ஆராய்ச்சிகள் யாவை, அவை எங்கே தனித்து நின்றன, எங்கே கூடின என்பவற்றை இயன்றவளவு ஆராய்ந்து கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பல்கலைக்கழகத்தின் தோற்றம்

செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) அவர்கள் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தோற்றுவித்தார்கள். அதனையடுத்து அமைந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை தலைவராய் வீற்றிருந்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள். பின்னர் இசைக் கல்லூரி ஒன்றும் தோன்றிற்று. இவையெல்லாம் 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு அடிமனையாயின. அப்பல்கலைக்கழகம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் ஆட்சிக்குள் வந்தது.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. ஐயரவர்கள் கற்ற இடம் யாது? திருவாவடுதுறை ஆதீனம். கற்பித்தவர் யாவர்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். எனவே, பல்கலைக்கழகத் தமிழ் என்பது மடத்துத் தமிழுக்குப் பகையாய் எழுந்ததொன்றன்று. அதன் வயிற்றிற் பிறந்த மகவேயாம். மடத்திலே தமிழ் கற்ற அடியேன் இளமையில் இதனை உணர்ந்திலேன். துறை என்றும் பட்டம் என்றும் கூறுவார் திருமுறையை வெறும் நூலாகக் கருதிவிடுவரோ என்னும் ஐயமே அந்நாளில் என் நெஞ்சில் மிக்கிருந்தது. அவ்வையம் நீங்கியவாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

ஐயரவர்கள் 1892-இல் அடியார்க்குநல்லாருரையோடு வெளியிட்ட சிலப்பதிகாரம் இல்லையாயின், பின்னாளில் இசைத்தமிழைப் பற்றி எழுந்த ஆராய்ச்சிகளுட் பெரும்பாலன எழுந்திரா. பாலை, நரம்பு, கோவை, திறம் என்னும் சொற்களும் அவற்றின் விளக்கங்களும் அவ்வுரையிலிருந்தே மீண்டும் உலகிற்குக் கிடைத்தன. ஒரு நூலைப் பிழையற அச்சிட்டமை ஒரு கலைக்கு உயிரளித்தது.

பல்கலைக்கழக எல்லையோடு ஒட்டித் திருவேட்களம் என்னும் பாடல் பெற்ற தலம் உளது. தில்லையை வழிபட வந்த திருஞானசம்பந்தப் பிள்ளையார் அங்கே எழுந்தருளியிருந்து நாடோறும் தில்லைக்கு வந்து வணங்கினார் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கால் அறியப்படும். அத்தலத்திற்குப் பிள்ளையார் அருளிய பதிகம் முதல் திருமுறையில் தக்கராகப் பண்ணில் அமைந்துள்ளது. அப்பரடிகள் அருளியது ஐந்தாந் திருமுறையில் திருக்குறுந்தொகையாய் அமைந்துள்ளது. பண்ணால் வகுக்கப்பெற்றதொரு பதிகமும், யாப்பால் வகுக்கப்பெற்றதொரு பதிகமும் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலிலேயே உள்ளன என்க.

தமிழ்த் துறையின் பணி

தமிழ்த் துறைக்கு முதற்பேராசிரியராய் 1931-இல் அமர்ந்தவர் ஈழநாட்டு மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகளார். அவரைப் பற்றி விரிவாகப் பின்னர்ப் பேசுவோம். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் 1933 முதல் 1938 வரை துறைத் தலைவராயிருந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்துச் சில இயல்களுக்குப் புத்துரை கண்டவர் அவர். சைவ சித்தாந்தத்திலும் சட்டத்திலும் ஒருங்கே வல்லவராகிய கா. சுப்பிரமணிய பிள்ளையவர்களும் அங்கே பேராசிரியராயிருந்தார்கள். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் திருவாசகத்துள் திருச்சதகம் முதலிய பகுதிகளுக்கு எழுதிய கதிர்மணி விளக்கம் இன்றும் கற்பார்க்குத் துணையாக உளது. கம்பராமாயணத்தைப் பல ஏடுகளோடு ஒப்புநோக்கிப் பல தொகுதிகளாகப் பதிப்பித்த பெரும்பணியும் இப்பல்கலைக்கழகத்தினுடையதே. பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அங்கே மொழியியல் ஆராய்ச்சிக்கு வித்திட்டு, 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராய்ச் சென்றார்.

சைவ நூலாராய்ச்சியில் மூவர் செய்த பணி தனியே எடுத்துக் கூறத் தக்கது.

முதலாமவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் (1892–1960). திருப்புறம்பயத்தில் தோன்றிக் குடந்தையிற் பள்ளியாசிரியராய்ப் பன்னெடுங்காலம் இருந்து, பின்னரே பல்கலைக்கழகம் புகுந்தவர். கோயில்தோறும் கால்நடையாகச் சென்று கல்வெட்டுக்களைத் தம் கண்ணாற் கண்டு படித்தவர். அவர் எழுதிய பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949-இலும், இரண்டாம் பகுதி 1951-இலும் பல்கலைக்கழக வெளியீடுகளாய் வந்தன. மூன்றாம் பகுதி அவர் மறைவிற்குப் பின் 1961-இல் வெளிவந்தது. சோழர் வரலாற்றைத் தமிழிலே, கல்வெட்டுச் சான்றுகளைக் கொண்டு, தமிழ் மாணவர் படித்து உணருமாறு எழுதியது பெருஞ்செயலாம்.

இரண்டாமவர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை. சிவஞானபோதத்திற்கு முற்பட்ட சித்தாந்த நூலாகிய ஞானாமிர்தத்தை அதன் பழையவுரையோடு அவர் ஆராய்ந்து பதிப்பிக்க, 1954-இல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவர் எழுதிய சைவ இலக்கிய வரலாறு 1958-இல் வெளிவந்தது. மூன்றாமவர் க. வெள்ளைவாரணனார். அவரியற்றிய பன்னிரு திருமுறை வரலாறு 1962-ஆம் ஆண்டு முதலாக இரண்டு பகுதிகளாய் வெளிவந்து, திருமுறை கற்பார் கையினின்று நீங்காத நூலாயிற்று.

இத்தகைய ஆராய்ச்சி நம் சமய ஐதிகத்திற்கு இடையூறு விளைக்குமோ என அஞ்சுவார் உளர். ஓர் எடுத்துக்காட்டால் இதனை ஆராய்வோம். நம்பிகள் வெளிப்படுத்தும் வரையில் தேவாரம் முற்றும் மறைந்து கிடந்தது என்றே அடியேன் இளமையிற் கேட்டிருந்தேன். ஆயின் திருவல்லத்தில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் கூறப்பட்டுள்ளது. முதலாம் இராசராசனோ 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவனுக்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே கோயிலில் பதிகம் பாடுவார் இருந்தனர் எனின், புராணச் செய்தி பொய்யோ?

பொய்யன்று. கோயில்தோறும் சிற்சில பதிகங்கள் பாடப்பெற்று வந்தன. அனைத்தையும் ஒருங்கு திரட்டி முறைப்படுத்திய தொகுப்பு இல்லையாயிற்று. அத்தொகுப்பே நம்பிகள் அருளியது. கல்வெட்டு புராணத்தை மறுக்கவில்லை. அதன் பொருளை நாம் வரையறுத்து உணருமாறு செய்கின்றது. தஞ்சை இராசராசேச்சரத்தில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் அம்மன்னன் நியமித்த செய்தியும் கல்வெட்டால் அறியப்படுவதே. முதற் குலோத்துங்கன் படைத்தலைவனாகிய மணவிற் கூத்தன் காலிங்கராயன் தேவாரப் பதிகங்களைச் செப்பேடுகளில் எழுதுவித்துத் தில்லையிற் சேமித்தான் என்பதும் அவ்வாறே. திருவிடைவாய்க்குரிய பிள்ளையார் பதிகம் ஏடுகளிற் காணப்படாது போய், 1917-இல் அத்தலத்துக் கல்வெட்டிலிருந்தே நமக்குக் கிடைத்தது. கல்லைப் படிப்பாரை நாம் ஐயுறுவோமாயின் அப்பதிகத்தை இழந்தே இருப்போம். அடியேன் ஐயம் நீங்கியது இவ்வாற்றான்.

ஆயினும் கல்லிற்கும் ஓர் எல்லை உண்டு. கல்லும் செப்பும் சொல்லைக் காக்கும். பாடும் முறையைக் காப்பது மிடறேயன்றோ? இனி அதனைக் காக்கப் புகுந்த துறையை நோக்குவோம்.

இசைத் துறையின் பணி

இசைக் கல்லூரியில் தொடக்கக் காலத்திலேயே சிறந்த வித்துவான்கள் ஆசிரியராய் அமர்ந்தனர். சபேசையர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் வழித்தோன்றலாகிய பொன்னையா பிள்ளை முதலியோர் அவருட் குறிப்பிடத் தக்கார். ஆயினும் அந்நாளில் இசையரங்குகளில் தெலுங்குப் பாட்டும் வடமொழிப் பாட்டுமே பெரும்பான்மையாய் ஒலித்தன. தமிழ்ப் பாட்டிற்கு இறுதியிலே சிறிதிடமே கிடைத்தது. இக்குறையை நீக்கக் கருதி 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூட்டப்பெற்றது. எதிர்ப்பும் எழுந்தது, ஆதரவும் பெருகிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு பல தொகுதிகளாய் வெளியிட்டது. முத்துத் தாண்டவர், மாரிமுத்துப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் வாக்குக்கள் பாடசாலையிற் பாடமாகும் நிலை வந்தது.

திருச்செங்காட்டங்குடியில் 1908-இல் ஓதுவார் குடியிற் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர் 1955 முதல் 1970 வரை அங்கே இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். தேவாரம் ஓதும் குடியிற் பிறந்தவர் ஒருவர் பல்கலைக்கழக இருக்கையில் அமர்ந்தார் என்பதனையே அடியேன் பெரிதாகக் கருதுகின்றேன். என்னையெனின், ஓதுவார் அறிவு ஏட்டறிவன்று. தந்தை வாயிலிருந்து மைந்தன் செவிக்கு வந்தது. அத்தகைய அறிவைக் கல்லூரி மதிப்பது அரிது.

தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி, ஓதுவார்களையும் இசைவாணரையும் புலவரையும் ஓரவையில் இருத்தி, பண் ஒவ்வொன்றும் எந்த இராகத்திற்கு இயைவது என ஆராய்ந்தது. ஓதுவார் வழக்கில் நட்டபாடை கம்பீர நாட்டையாகவும், தக்கராகம் காம்போதியாகவும், செவ்வழி யதுகுல காம்போதியாகவும், கொல்லி நவரோசாகவும் பாடப்படுகின்றன. இவ்வழக்கு எத்துணைப் பழமையுடையது, இடைக்காலத்தில் எவ்வளவு திரிந்தது என்பன எளிதில் முடிவு கூறத் தக்கன அல்ல. நூல் மட்டும் கற்றார் வழக்கை இகழ்தலும், வழக்கு மட்டும் அறிந்தார் நூலை இகழ்தலும் முடிவிற்குத் தடையாகும்.

இரண்டும் கூடிய இடம்

இனி, முற்கூறிய விபுலானந்த அடிகளாரைப் பற்றிப் பேசுவோம். அவர் 1892-இல் தோன்றி, 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். ஒலியின் அசைவெண்ணைக் கணக்கிடும் கல்வியும், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை உரையோடு ஆராயும் கல்வியும் ஒருவரிடத்தே அமைந்தன. அண்ணாமலையில் அவர் தமிழ்ப் பேராசிரியராயிருந்தது 1933 வரையிலேயே ஆயினும், அதன் பின்னும் யாழாராய்ச்சியை விட்டாரல்லர். பல்லாண்டு உழைப்பின் பயனாக விளைந்த யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று; கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அவ்வாண்டு ஜூலை 19-இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். கடன் முடித்தே சென்றார் என்று கூறலாம்.

யாழ்நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு பகுதியாய் அமைந்துள்ளது. இவ்வைப்பு முறையை உற்று நோக்குக. யாழின் உறுப்பில் தொடங்கி, நரம்பின் ஒலியை அளந்து, பாலை திரியும் முறையைக் கண்டு, பண்களின் இலக்கணத்தை வகுத்து, அதன் பின்னரே தேவாரத்தை அணுகுகின்றார். இன்ன பண் இன்ன இராகம் என்று பெயரொப்புமை ஒன்றே கொண்டு துணிந்தாரல்லர். நூற்சான்று, கணக்கு, வழக்கு என்னும் மூன்றையும் துணைக்கொண்டார். அவர் முடிபுகள் அனைத்தையும் எல்லாரும் ஏற்றனர் என்பதற்கில்லை. எனினும் ஆராயும் நெறியை வகுத்தளித்தவர் அவரே. அவருக்கு முன் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு இத்துறையிற் பெருமுயற்சி செய்தார் என்பதையும் மறத்தலாகாது.

அடிகளார் யாழ்நூலை இயற்றிய காலத்து அவருக்கு உடனிருந்து உதவியவர் வெள்ளைவாரணனார். பின்னர் அவரே அண்ணாமலைத் தமிழ்த் துறையிலிருந்து பன்னிரு திருமுறை வரலாற்றை எழுதினார். இசைத்தமிழ் என்னும் நூலும் இயற்றினார். தமிழ்ப் புலவர் ஒருவர் பண்ணைப் பற்றி இத்துணைத் தெளிவாய் எழுத வல்லராயது அத்தொடர்பினாலேயே என்பது அடியேன் கருத்து. எருக்கத்தம்புலியூர்ச் செய்தி மீண்டும் நிகழ்ந்தது போலும்.

அடியேன் கண்டதொன்று

இவ்விடத்து என் குறை ஒன்றை ஒளியாது கூறுதல் வேண்டும். யான் ஆசிரியனாயிருந்த காலத்து, திருவேட்களப் பதிகத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிகத் தலைப்பில் உள்ள பண்ணின் பெயரையும் படித்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, தக்கராகம் எப்படி இருக்கும்?” என்று வினவினான். பாலை யாழ்த்திறம் பற்றி நூல்கள் கூறுவனவற்றைச் சொல்லத் தொடங்கினேன். அவன் பணிவாக, “அதைக் கேட்கவில்லை ஐயா, பாடினால் எப்படி இருக்கும்?” என்றான். என் வாய் அடைத்தது. அப்பதிகத்தை நாற்பதாண்டு நெட்டுருச் செய்திருந்தும், அப்பண்ணை ஒருநாளும் அறிந்து கேட்டிலேன்.

மறுநாள் அம்மாணவனையும் அழைத்துக்கொண்டு முதிய ஓதுவார் ஒருவரிடம் சென்றேன். அவர் கோயில் மண்டபத்தில் அமர்ந்து பதிகத்தை முற்றப் பாடினார். கேட்டு முடிந்த பின்னர், “ஓதுவார் ஐயா, ஓரிடத்தில் சொல்லின் நடுவே மூச்சு விட்டீர்கள், அங்கே பிரித்தால் பொருள் வேறாகிவிடும்” என்றேன். அவர் சினந்தாரல்லர். “புலவரையா, எங்கள் ஐயா பாடியபடியே பாடினேன். பொருள் சொல்லிக் கொடுங்கள்” என்றார். சொன்னேன். மீண்டும் பாடினார், மூச்சு உரிய இடத்தில் அமைந்தது. பின்னர் என் கையிலிருந்த அச்சுப் பிரதியை வாங்கிப் பார்த்து, “நீங்கள் அடியை முறித்திருக்கும் இடம் கட்டளைக்கு ஒத்து வரவில்லையே, இங்கே தாளம் அறுந்துபோகும்” என்று கையால் தட்டிக் காட்டினார். அவர் கூறியது உண்மை. அச்சில் யாம் கண்ட அடி வேறு; பாட்டின் நடை வேறு.

அன்று நாங்கள் இருவரும் ஒருவர்க்கொருவர் மாணாக்கரானோம். எங்கள் இருவரையும் அங்கே கொண்டு சேர்த்தது ஓர் இளைஞனின் வினா.

முடிவுரை

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறையின் சாதனை பெரிது. இசைத் துறையின் சாதனையும் பெரிது. அவற்றைக் குறைத்துக் கூறுதல் நன்றி மறத்தலாம். ஆயினும், தமிழ் கற்கும் மாணவன் பண்ணைக் கேளாமலும், இசை கற்கும் மாணவன் பதிகத்தின் பொருளை உணராமலும் பட்டம் பெறும் நிலை எப்பல்கலைக்கழகத்தில் இருப்பினும், அங்கே திருமுறை பாதியாகவே உளது என்பது துணிபு.

இதற்குச் செய்யத் தக்கன அரியன அல்ல. தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பதிகத்தையேனும் ஓதுவாரிடம் அமர்ந்து பாடிப் பழகுக. இசை மாணவர் ஒவ்வொருவரும் தாம் பாடும் பதிகத்தின் பொருளைப் புலவர்பாற் பாடங் கேட்க. முதிய ஓதுவார்கள் பாடுவனவற்றை ஒலிப்பதிவு செய்து, ஏட்டுப் பாடத்தோடு ஒருங்கு வைத்து ஆராய்க. ஏடு செல்லரித்தால் எஞ்சியதைப் படிக்கலாம். மிடறு அவிந்தபின் எஞ்சுவது யாதொன்றுமில்லை. இப்பணிக்குக் காலம் தாழ்த்தலாகாது என்பது இதனால் விளங்கும்.

தில்லையில் ஏடு கண்ட நம்பிகள் அதனோடு அமைந்துவிடாது, பண் தேடிப் புலியூருக்கு நடந்தார். அவ்வழி இன்னும் நம் முன்னர் உளது. சொல்லையும் பண்ணையும் ஒருங்கே நமக்கருளிய அம்பலவாணர் திருவருள், அவ்வழியே செல்லும் ஊக்கத்தையும் நமக்கருள்வதாக.

திருச்சிற்றம்பலம்.